தகுதி பார்த்துத்தான் இரக்கம் காட்ட வேண்டுமா?

கேள்வி – கொட்டாஞ்சேனைச் சகோதரி

அன்புள்ள சகோதர சகோதரிகளுக்கு வணக்கம்.

நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் கத்தோலிக்கப் பெண். எங்கள் அன்பியத்தை, அதாவது பங்கில் அயல் குடும்பங்கள் கூடும் சிறு குழுவைச் சேர்ந்த குடும்பங்கள் மாதந்தோறும் தங்களால் இயன்றதைச் சேர்த்து, கஷ்டப்படுகிற சில வீடுகளுக்கு உலர் உணவுப் பொதி கொடுத்து வருகின்றன. அரிசி, பருப்பு, சீனி, கொஞ்சம் கருவாடு, சிறு பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் ஒரு பால்மாப் பைக்கற்று என்பதே அந்தப் பொதி. பெரிய உதவி என்று சொல்ல முடியாவிட்டாலும், வாங்குகிற வீட்டில் அது ஒரு வாரத்துக்காவது அடுப்பை எரிய வைக்கிறது.

சென்ற கூட்டத்தில் அந்த வீடுகளில் ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான நகரக் குடியிருப்பில் ஒற்றை அறையில் வாழும் குடும்பம் அது. தாய் வீட்டு வேலைக்குப் போகிறார்; தகப்பனுக்கு நாட்கூலி, அதுவும் கிடைக்கிற நாளில் மட்டும். அந்தத் தகப்பனைத் தவறணையில் கண்டதாக ஒருவர் சொன்னார். நாங்கள் கொடுத்த பால்மாவை அவர்கள் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசாக்கியதாக இன்னொருவர் சொன்னார். “பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?” என்று மூத்தவர் ஒருவர் கேட்டபோது அநேகமாக எல்லோரும் தலையசைத்தார்கள். அந்த மனிதர் திருந்தும்வரை பொதியை நிறுத்தி வைப்பது என்று முடிவாயிற்று.

நான் அந்த முடிவை எதிர்த்துப் பேசினேன். ஆனால் அவர்களுடைய வாதத்துக்கு ஒழுங்கான பதில் என்னிடம் இருக்கவில்லை. அவர்களில் ஒருவரும் கல்நெஞ்சர் அல்லர். தவக்காலத்தில் ஒறுத்தல் செய்கிறவர்கள், செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்துக்குப் போகிறவர்கள், என் பிள்ளைக்குச் சுகமில்லாதபோது இரவில் வந்து கூட இருந்தவர்கள். அதனால்தான் இந்தக் கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. கிறிஸ்தவ வாழ்வில் இரக்கம் என்பது தகுதியைச் சோதித்த பின்னர் கொடுக்கப்படுகிற ஒன்றா? செபமும் திருப்பலியும் அடிப்படை, இரக்கம் அவற்றோடு சேர்த்துச் செய்யக்கூடிய நல்ல காரியம் என்ற நினைப்பு எங்களுக்குள் எப்படி வந்தது? வேதம் அறிந்தவர்களும் இத்தகைய பணிகளில் பழக்கமுள்ளவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் – மட்டக்குளி, ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியர்

அன்பின் மகளுக்கு,

உங்கள் கேள்வி திருச்சபையில் மிகப் பழைய கேள்வி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் மறையுரை ஆற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம், செல்வரையும் ஏழை லாசரையும் பற்றிய உவமையை விளக்கும்போது இதே வாதத்தை எதிர்கொள்கிறார். அந்த நகரத்து விசுவாசிகளும், கையேந்துகிறவன் சோம்பேறியா, ஏமாற்றுக்காரனா என்று விசாரித்த பிறகே கொடுக்க விரும்பினார்கள். அவர் அவர்களுக்குத் துறைமுகத்தைக் காட்டினார். கப்பல் உடைந்து வருகிறவர்களை நல்லவரா கெட்டவரா என்று கேட்காமல் துறைமுகம் உள்ளே ஏற்றுக்கொள்கிறது, இரக்கமுள்ளவனும் அப்படியே இருக்க வேண்டும் என்றார். ஏழையிடம் நாம் பார்க்க வேண்டிய தகுதி அவனுடைய தேவை ஒன்றுதான் என்பது அவருடைய போதனை. துறைமுகத்தின் சங்கொலி கேட்கும் தூரத்தில் வாழும் உங்கள் அன்பியத்தாருக்கு இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அவர் இதைத் தம் சொந்தக் கருத்தாகச் சொல்லவில்லை. லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தைத் திறந்து, நல்ல சமாரியர் உவமையை மெதுவாக வாசித்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் அடிபட்டுக் கிடந்த மனிதனைப் பற்றி இயேசு நமக்கு எதுவுமே சொல்வதில்லை. அவன் எந்த ஊரான், என்ன தொழில், அந்த நேரத்தில் தனியாக ஏன் அந்த ஆபத்தான பாதையில் போனான், குடித்திருந்தானா, கவனமில்லாமல் இருந்தானா என்று ஒரு சொல்லும் இல்லை. அதற்கு மாறாக, உதவியவர் செய்தவை ஒவ்வொன்றாக வருகின்றன. கிட்டப் போனார், எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினார், தம் விலங்கின் மேல் ஏற்றினார், சாவடிக்குக் கொண்டுபோய் அன்றிரவு பார்த்துக்கொண்டார், மறுநாள் இரண்டு தெனாரியத்தைச் சாவடிக்காரரிடம் கொடுத்து, அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். விழுந்து கிடந்தவனின் நடத்தையைப் பற்றி மௌனம் காக்கும் நற்செய்தி, உதவியவரின் செயலைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசுவதை நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

இரக்கம் செபத்துக்கு அடுத்ததாக வைக்கப்படும் ஒன்றா என்றும் கேட்டிருந்தீர்கள். பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்று ஓசேயா இறைவாக்கினர் வழியாகக் கடவுள் சொன்னதை மத்தேயு நற்செய்தியில் இயேசு இரண்டு இடங்களில் எடுத்துச் சொல்கிறார். பாவிகளோடு பந்தியமர்ந்ததற்காக அவரைக் குறைகூறியபோது ஒரு தடவை. பசித்த சீடர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்ததைக் குற்றமாக்கியபோது மறு தடவை. இரண்டு இடத்திலும் குறை சொன்னவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். அதே நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்வை வருகிறது. அங்கே அரசர் கேட்பவை உணவு, நீர், உடை, தங்க இடம், நோயிலும் சிறையிலும் வந்து பார்த்தல் ஆகியவையே. சிறையில் இருப்பவரையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருப்பதைப் பாருங்கள். சிறையில் இருப்பவர்கள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. ஆனாலும் அவர்களைப் பார்க்கப் போனது தம்மையே பார்க்க வந்தது என்கிறார்.

நம் நாட்டுக்கே வருவோம். புனித யோசேப் வாஸ் அடிகளாரை 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தியபோது நம்மில் பலர் அங்கே நின்றோம். கோவாவிலிருந்து 1687இல் கூலியாளைப் போல உடுத்திக்கொண்டு, கத்தோலிக்க மறையை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த இந்தத் தீவுக்கு வந்தவர் அவர். கண்டிக்குப் போனபோது உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் 1697இல் கண்டி நகரத்தில் பெரியம்மை பரவியது. வசதியுள்ளவர்கள் நகரத்தை விட்டு வெளியேறினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே கைவிட்டார்கள். அடிகளார் அவர்களைத் தேடிப் போனார், கைவிடப்பட்ட வீடுகளில் கிடத்திப் புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தவர்களைத் தம் கையால் அடக்கம் செய்தார். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அவருடைய மறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவரைச் சந்தேகித்துச் சிறையில் அடைத்த ஊரின் மக்கள் அவர்கள். அந்த ஊருக்கு இரக்கம் பெறத் தகுதி உண்டா என்று அவர் கணக்குப் பார்த்திருந்தால் இன்று இலங்கையில் நம் திருச்சபை எந்த நிலையில் இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

உங்கள் மூத்தவர் சொன்ன பழமொழியை நான் மதிக்கிறேன். கொடுப்பதில் விவேகம் வேண்டும் என்பது நல்ல அறிவுரை. ஆனால் கடவுள் நம்மிடம் நடந்துகொண்ட முறைக்கு அது அளவுகோல் ஆகாது. நாம் பாவிகளாக இருந்தபோதே கிறிஸ்து நமக்காக உயிர் கொடுத்தார் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் சொல்கிறார். நாம் திருந்தியதைக் கண்ட பிறகு அவர் சிலுவைக்குப் போகவில்லை.


பதில் – வெள்ளவத்தை, திருச்சபைப் பொருளாளர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நான் மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்தவன். எங்கள் சபையின் உதவி நிதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அந்த அன்பியக் கூட்டத்தாரின் பக்கத்தையும் யாராவது நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

உதவி நிதியில் இருக்கும் பணம் பொறுப்பாளருடைய சொந்தப் பணம் அல்ல. அதில் ஓய்வூதியத்தில் வாழும் விதவைகளின் காணிக்கை இருக்கிறது. 2022ஆம் ஆண்டு எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொழும்பில் நாள் முழுக்க வரிசையில் நின்ற காலத்தில், அதுவரை ஒருபோதும் கேட்டிராத குடும்பங்கள் எங்களிடம் வந்தன. சிலர் வரவே வெட்கப்பட்டார்கள். பக்கத்து வீட்டார் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. கையில் இருந்ததோ அளவான தொகை. அப்படியான நேரத்தில், கொடுத்ததை விற்றுக் குடிக்கிற வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பொதியும், வாய்திறந்து கேட்காத இன்னொரு வீட்டுக்குப் போகாமல் போன பொதியாகிறது. இதை இரக்கமின்மை என்று சொல்லிவிட முடியாது.

அப்போஸ்தலனாகிய பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று கட்டளையிட்டார். தீமோத்தேயுவுக்கு எழுதியபோது, எந்த விதவைகளைச் சபை ஆதரிக்கும் பட்டியலில் சேர்க்கலாம், எவர்களை அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளே பராமரிக்க வேண்டும் என்று வயது உட்பட விபரமாகச் சொல்லியிருக்கிறார். ஆதிச் சபைக்கும் ஒழுங்கு இருந்தது. எல்லையில்லாத இரக்கம் கடவுளுக்கு உரியது. நமக்குக் கிடைத்திருப்பது எல்லையுள்ள நிதி. சகோதரி என்னைத் தவறாக நினைக்கக் கூடாது. இந்தச் சுமையைத் தூக்குகிறவர்கள் இரவில் நிம்மதியாகத் தூங்குவதில்லை என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதினேன்.


பதில் – வின்சென்ட் டி பவுல் சபை உறுப்பினர், தாதி

பொருளாளர் ஐயா சொன்ன சுமை எனக்கும் தெரியும். எங்கள் சபைக் கிளையிலும் பணப்பெட்டி எப்போதும் மெலிந்தே இருக்கும். ஆனாலும் அவர் எடுத்துக்காட்டிய அதே அதிகாரத்தில், மூன்று வசனம் தள்ளி, நன்மை செய்வதில் சோர்ந்து போகாதீர்கள் என்று பவுல் எழுதியிருப்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். வேலை செய்ய மனதில்லாதவனுக்குச் சொல்லப்பட்ட அந்தக் கண்டிப்பு அவனுடைய பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டதல்ல. தகப்பன் தவறணைக்குப் போகிற வீட்டில் பிள்ளைக்குப் பசி கூடுமே தவிரக் குறையாது.

எங்கள் சபை 1833இல் பாரிஸில் தொடங்கியது. பிரெடெரிக் ஒசானாம் அப்போது 20 வயதுப் பல்கலைக்கழக மாணவர். கிறிஸ்தவம் ஒரு காலத்தில் நன்மை செய்திருக்கலாம், இன்று நீங்கள் ஏழைகளுக்காக என்ன செய்கிறீர்கள் என்று சக மாணவர்கள் கேட்டபோது, அவரும் நண்பர்களும் வாதாடுவதை விட்டுவிட்டு விறகு சுமந்துகொண்டு ஏழைகளின் வீட்டுக்குப் போனார்கள். எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் அந்தப் பகுதியில் பணியாற்றிய ரொசாலி ரெண்டு என்ற அருட்சகோதரி. அன்று முதல் இன்றுவரை எங்களுடைய முதன்மையான பணி வீடு சென்று சந்திப்பது. இருவர் இருவராகப் போவோம். பொதியைக் கையில் கொடுத்துவிட்டு வாசலில் இருந்து திரும்புவது எங்களுக்குச் சந்திப்பு ஆகாது. உள்ளே போய், பாயில் உட்கார்ந்து, அவர்கள் தருகிற வெறுந்தேநீரைக் குடித்து, அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால்தான் ஒரு பால்மாப் பைக்கற்று ஏன் கடைக்குத் திரும்பிப் போயிற்று என்பது தெரியவரும். நான் போன வீடுகளில், நுண்கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும்போது கையில் இருக்கும் எதையும் விற்கிற தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் மருந்துக்காக அரிசியை விற்றவர்களையும், குடிக்காகவே விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். சகோதரி குறிப்பிட்ட வீட்டில் எது நடந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கூட்டத்தில் தலையசைத்தவர்களில் யாராவது அந்த வீட்டுக்குள் போய்க் கேட்டார்களா என்பதே என் கேள்வி. தேவையை விசாரிப்பது வேறு, தகுதியை விசாரிப்பது வேறு. முதலாவதற்கு அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும். இரண்டாவதை நம் வீட்டுக் கதிரையில் இருந்தே முடித்துவிடலாம். பணம் குடிக்குப் போகும் என்று தெரிந்தால் பணத்தைக் கொடுக்காமல், பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பிகளை வாங்கிக் கொடுக்கலாம், பாண் கடையில் முன்கூட்டியே கட்டிவிடலாம், தாயின் கையில் மட்டும் கொடுக்கலாம். கொடுக்கும் வழியை மாற்றுவதற்கு எங்களுக்குத் தடையில்லை. போவதை மட்டும் நிறுத்த மாட்டோம்.

பணமே இல்லாமல் காட்டக்கூடிய இரக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பேச்சு எப்போதும் நிதியிலேயே சிக்கிக்கொள்கிறது. நான் வேலை செய்கிற அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக் வாங்கில் மலையகத்திலிருந்து இரவு பஸ் ஏறி வந்த அம்மாமார் விடியற்காலையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கிளினிக் கொப்பியைச் சீலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்திருப்பார்கள். சிங்களத்தில் இலக்கத்தைக் கூப்பிடும்போது, அது தங்களுடையதா என்று ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு பங்கிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டு பெண்கள் கிளினிக் நாட்களில் வந்து அந்த வாங்கிலேயே உட்காருகிறார்கள். இலக்கத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள், வைத்தியர் சொன்னதைத் தமிழில் விளக்குவார்கள், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று மருந்து உறையில் பேனையால் ஒரு சின்னச் சூரியனும் பிறையும் வரைந்து கொடுப்பார்கள். அந்த அம்மாமாரில் பலர் சைவ சமயத்தவர்கள். மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை அங்கே பேசப்படுவதில்லை. தவக்காலத்தில் என்ன ஒறுத்தல் செய்யலாம் என்று கேட்கிறவர்களை நான் அந்த வாங்குக்கு வரச் சொல்கிறேன். இறைச்சியை விடுவதைக் காட்டிலும் அரை நாளை விடுவது நம் ஊரில் கடினமாக இருக்கிறது.


பதில் – கொச்சிக்கடை வாசகர்

எல்லோரும் எழுதியதை வாசித்தேன். உதவி கேட்டு வருகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நாம் கோபமாக இருக்கிறவர்கள் விடயத்தில் இரக்கம் இன்னும் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது என்பதையும் சேர்க்க விரும்புகிறேன்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. இங்கும் கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலுமாக அன்று 250க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எங்கள் தெருவில் துக்கம் இல்லாத வீடு இருக்கவில்லை. அதற்கடுத்த வாரங்களில், இந்தக் கொடுமையோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் குடும்பங்கள் வெளியே வரப் பயந்தார்கள். மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் அவர்களுடைய கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அந்த நாட்களில் எங்கள் வரிசையில் வாழ்ந்த முஸ்லிம் தாயொருவருக்குக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக் கொடுத்தவர், திருத்தலத்தில் தம் உறவினரை இழந்திருந்த ஒரு பெண். அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. பையைப் படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டுப் போவார்.

1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் இந்த நகரத்தில் தமிழர்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அவர்களில் பலர் பௌத்தர்கள். சமாரியர் என்றால் யூதர்கள் முகம் திருப்பிக்கொள்ளும் இனத்தவர் என்பதை மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். உதவியவராக இயேசு அவரைத் தெரிந்தெடுத்ததைக் கொழும்புத் தமிழர்களாகிய நாம் புரிந்துகொள்ள விரிவுரை தேவையில்லை. நம்மிடம் இரக்கம் காட்டியவர்கள் நம் தகுதியையோ நம் இனத்தையோ கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் இன்று இங்கே இருந்து எழுதிக்கொண்டிருப்போம்?


பதில் – வெள்ளவத்தை, திருச்சபைப் பொருளாளர்

தாதிச் சகோதரி தேவையையும் தகுதியையும் பிரித்துக் காட்டியது எனக்குப் பயனுள்ளதாக இருந்தது. ஒழுங்கு வேண்டும் என்ற என் நிலைப்பாட்டிலிருந்து நான் மாறவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட நிருபத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. கணக்குக் காட்டாத நிதி நீண்ட நாள் நிலைப்பதும் இல்லை. ஆனால் அந்த ஒழுங்கு எதற்காக என்பதை எங்கள் குழுவில் மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் விண்ணப்பப் படிவத்தில் குடும்பத் தலைவரின் நடத்தையைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. அது யார் காலத்தில் சேர்க்கப்பட்டதென்று எனக்குத் தெரியாது. அதை நீக்கிவிட்டு, பிள்ளைகளின் வயது, பாடசாலை, வீட்டில் உள்ள நோய், கடன் ஆகியவற்றைக் கேட்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறேன். குழு கூடும்வரை காத்திருக்க முடியாத வீடுகளுக்காக, சந்திக்கப் போகிறவர்கள் அவ்விடத்திலேயே செலவழித்துவிட்டுப் பின்னர் பற்றுச்சீட்டுக் காட்டக்கூடிய ஒரு சிறு தொகையை ஒதுக்குவதற்கும் எங்கள் யாப்பில் இடமிருக்கிறது.

சகோதரியிடம் ஒரு விபரம் கேட்க வேண்டும். உங்கள் சபைக் கிளையில் புதிதாகச் சேர்கிறவர்களை முதல் சில மாதங்கள் அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்தே அனுப்புகிறீர்களா? எங்கள் வாலிபர் சங்கத்தில் ஆறு பேர் ஆயத்தமாக இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரைக் கிளினிக் நாளொன்றில் அந்த வாங்குக்கு அனுப்ப அனுமதி எடுப்பது எப்படி என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.